ரிச்சர்ட் ஷட்டில்வொர்த்

பறவைபோல வானிற் பறத்தல் வேண்டும் என்னும் ஆசை மக்கட்கு மிகப் பழையது. அவ்வாசை நிறைவேறிய காலமோ மிக அண்மையது. ரைட் சகோதரர் 1903-ம் ஆண்டில் யந்திர விசையாற் பறந்த வரலாற்றையும், ப்ளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1909-ம் ஆண்டு ஜூலை மாதம் 25-ம் நாள் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த வரலாற்றையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின், அந்நாளிற் செய்யப்பெற்ற விமானங்கள் பின்னர் என்னவாயின என்று வினவுவார் மிகச் சிலரே. மரச் சட்டமும், கம்பியும், சணற்றுணியுமாகக் கட்டப்பெற்ற அவ்வூர்திகளிற் பெரும்பாலன, மேலும் விரைவாகப் பறக்கும் புதிய ஊர்திகள் வந்தவுடன் மூலையில் எறியப்பட்டன. மழையில் நனைந்து மட்கியன சில; அடுப்பெரிக்கப் பயன்பட்டன சில; எஞ்சினை மட்டுங் கழற்றிக்கொண்டு உடலைக் கைவிட்டனர் சிலர். இங்ஙனம் அழிவன அழியக்கடவன என்று உலகம் வாளாவிருந்த காலத்தில், அவற்றைத் தேடித் திரட்டிச் செப்பனிட்டு, மீண்டும் வானில் ஏற்றிய இளைஞர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவரே ரிச்சர்ட் ஆர்மண்ட் ஷட்டில்வொர்த் என்பார். முப்பத்தோராண்டே வாழ்ந்த அவருடைய சரித்திரத்தை நம் கல்லூரி அன்பர்க்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

ஷட்டில்வொர்த் பிறந்தது 1909-ம் ஆண்டு ஜூலை மாதம் 16-ம் நாள்; அஃதாவது, ப்ளேரியோ கால்வாயைக் கடந்ததற்குச் சரியாக ஒன்பது நாள் முன்னர். சோதிடம் பார்ப்போர் இதனைக் கேட்பின் ஏதேனும் பொருள் கூறுவர். நாம் அங்ஙனங் கூறவேண்டுவதில்லை. எனினும், அவ்வாண்டில் ப்ளேரியோவின் தொழிற்சாலையிற் செய்யப்பெற்ற விமானமொன்று பிற்காலத்தில் இவர் கைக்கே வந்து சேர்ந்தது என்பதை மனத்திற் கொள்க. அதனைப்பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

இவர் குடும்பத்தார் செல்வம் பெற்றது நீராவி யந்திரங்களால். பாட்டனாராகிய ஜோசப் ஷட்டில்வொர்த், தம் மைத்துனராகிய நதானியேல் கிளேட்டன் என்பவருடன் சேர்ந்து, 1842-ம் ஆண்டில் லிங்கன் நகரத்தில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். ஊர் ஊராக இழுத்துச் செல்லத்தக்க நீராவி எஞ்சின்களும், கதிரடிக்கும் யந்திரங்களும் அங்கே செய்யப்பெற்றுப் பல நாடுகளுக்குச் சென்றன. அதனால் வந்த பெரும்பொருளைக் கொண்டு, 1872-ம் ஆண்டில், பெட்போர்டுஷயர் மாகாணத்தில் ஓல்டு வார்டன் என்னும் சிற்றூரையடுத்த பெரும் பண்ணையை ஜோசப் விலைக்கு வாங்கி, அதன்கண் அரண்மனையொத்த மாளிகையொன்றும் எடுப்பித்தார். அவர் மகனார் படைத்தலைவர் பிராங்க் ஷட்டில்வொர்த். இவர் தம் முதுமைக் காலத்தில், 1902-ம் ஆண்டில், அவ்வூர்த் திருச்சபைக் குருவானவரின் மகளாராகிய டாரதி கிளாட்டில்டா லாங் என்னும் இளம்பெண்ணை மணந்தார். அவர்கட்கு ஒரே மகவு ரிச்சர்ட். மகனுக்கு நான்கு வயதும் நிரம்புமுன்னரே, 1913-ம் ஆண்டில், தந்தையார் இறந்தார். அன்றுதொட்டு அத்தனை பெரிய மாளிகையிலே தாயும் மகனுமாக இருவரே.

டாரதி அம்மையாரைப்பற்றி ஈண்டு ஒரு சொல் கூறல் வேண்டும். குருவானவர் இல்லத்திற் பிறந்து, ஊரார் ஏழைகளோடு பழகி வளர்ந்தவர். கணவரை இழந்தபின் பண்ணையின் கணக்கையும், குடியானவர் குறைகளையும், மகனின் கல்வியையும் தாமே நோக்கியவர். இக்கட்டுரையின் பெயர் மகனுடையதேயாயினும், அவ்வம்மையார் இல்லையேல் அவர் பெயர் இன்று எவர்க்குந் தெரிந்திராது. இது மிகைக் கூற்றன்று என்பதைப் படிப்பவர் இறுதியில் உணர்வர்.

முதல் உலகப் பெரும்போர்க் காலத்தில், கதிரடிக்கும் யந்திரஞ் செய்த அத்தொழிற்சாலையே ஸாப்வித் கேமல் முதலிய போர்விமானங்களையும் செய்து கொடுத்தது. ஆகவே, விமானம் என்பது அச்சிறுவனுக்குப் புத்தகத்திற் கண்ட பொருளன்று. தம் குடும்பப் பெயர் பொறித்த சாலையினின்று வெளிவந்த பொருள். போர் முடிந்தபின் வியாபாரம் நாளுக்கு நாள் நலிவுற்றது. 1930-ம் ஆண்டில் அக்கம்பெனி மார்ஷல் என்னும் வேறொரு கம்பெனியாரின் கைக்கு மாறிற்று. ஆயினும் பண்ணையும் மாளிகையும் குடும்பத்தாரிடமே நின்றன.

ரிச்சர்ட் ஈட்டன் பள்ளியிற் கல்வி பயின்றார். பின்னர்க் குதிரைப்படையொன்றில் அதிகாரியாகச் சிலகாலம் இருந்தார். குதிரையினும் எஞ்சின்மீதே அவருக்குக் காதல் மிகுதி என்பது விரைவில் வெளிப்பட்டது. 1928-ம் ஆண்டில், தம் பத்தொன்பதாம் பிராயத்தில், 1898-ம் ஆண்டிற் செய்யப்பெற்ற பன்ஹார்டு லெவஸ்ஸார் என்னும் பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கினார். அவ்வயதில் செல்வர் மக்கள் புதிய வண்டியை விரும்புதல் உலகியல்பு. தம்மினும் பதினோராண்டு மூத்த வண்டியை விரும்பியவர் இவர். லண்டனினின்று பிரைட்டனுக்குப் பழைய வண்டிகள் ஆண்டுதோறும் ஓடும் ஓட்டத்தில் அதனை ஓட்டிச் சென்று மகிழ்ந்தார். பழைய யந்திரம் ஓடுதல் வேண்டும்; ஓடாதது பழைய யந்திரமன்று, பழைய இரும்பு என்னும் கொள்கை இதன்கண்ணே முளைத்தது என்று யான் கருதுகின்றேன்.

1932-ம் ஆண்டில், இருபத்துமூன்றாம் பிராயம் எய்தியவுடன், குடும்பச் சொத்து முழுதும் அவர் வயமாயிற்று. அவ்வாண்டிலேயே ப்ரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தினின்று டிஹாவிலண்ட் மாத் என்னும் சிறு விமானமொன்றை வாங்கினார். அது 1928-ம் ஆண்டிற் செய்யப்பெற்றது. இரண்டு சிறகடுக்குகளும் இரண்டு இருக்கைகளும் உடையது. பண்ணையின் புல்வெளியொன்றைச் சமன்செய்து அதனையே விமானத்தளமாக்கினார். அந்த மாத் விமானம் அன்று அப்புல்வெளியில் வந்திறங்கியதுமுதல் இன்றளவும் ஓல்டு வார்டனிலேயே தங்கியிருக்கிறது, இன்றும் பறக்கிறது. எத்துணை மாளிகைகள் தம் தலைவர்களை இழந்தன! அவ்விமானமோ தன் இருப்பிடத்தை இழக்கவில்லை.

அதற்கடுத்த ஆண்டில் அவர் நம் நாட்டிற்கு வந்தார். டெல்லியில் வைசிராய் கிண்ணத்திற்காக நடந்த விமானப் பந்தயத்திற் கலந்துகொள்ளும்பொருட்டு, 1933-ம் ஆண்டில், ஜார்ஜ் ஸ்டெட் என்னும் விமானியுடன், ஆளுக்கொரு காம்பர் ஸ்விப்ட் விமானத்தில் இங்கிலாந்தினின்று புறப்பட்டுப் பறந்து வந்தனர். காம்பர் ஸ்விப்ட் என்பது ஒருவரே அமரத்தக்க சிறு ஊர்தி. சிறகுகளை மடக்கி ஒரு சிறு கொட்டகையில் நிறுத்திவிடலாம். அத்தகைய ஒன்றில், பாலைவனங்களையும் வளைகுடாவையுங் கடந்து, தனியே திசையறிந்து வருதல் எளிய செயலன்று. அப்பந்தயத்தில் இந்தியாவிற் பதிவுபெற்ற மற்றொரு காம்பர் ஸ்விப்ட் இரண்டாமிடம் பெற்றது. செந்நிறம் பூசிய அவ்வூர்தியும் பல கைகள் மாறி, பல்லாண்டு கழித்து, ஷட்டில்வொர்த்தின் தொகுதியிலேயே வந்து சேர்ந்தது வியப்பே.

மோட்டார்ப் பந்தயங்களிலும் அவர் பெயர் பரவிற்று. 1935-ம் ஆண்டு அக்டோபர் மாதம் டானிங்டன் என்னுமிடத்தில் முதன்முதல் நடந்த பெரும்பந்தயத்தில், முந்நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவை ஆல்பா ரோமியோ வண்டியில் ஓட்டி முதற்பரிசு பெற்றார். அவ்வெற்றிக்குப் பின் மூன்று திங்களும் நிறையவில்லை. 1936-ம் ஆண்டு புத்தாண்டு நாளன்று தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் என்னும் ஊரில் நடந்த பந்தயத்தில் அவர் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. உயிர் பிழைப்பாரோ என்று ஐயுறத்தக்க காயம். ஒரே மகனைப் பெற்ற தாய் அச்செய்தியைக் கடல்கடந்து எங்ஙனங் கேட்டிருப்பார் என்பதைப் படிப்போரே எண்ணிப் பார்க்க. அம்முறை அவர் பிழைத்தெழுந்தார்.

இனி, அவரை நாம் நினைவிற் கொள்ளற்குக் காரணமாகிய செயலுக்கு வருவோம்.

மேலே குறித்த ப்ளேரியோ விமானம் பதினோராம் மாதிரியைச் சேர்ந்தது. தொழிற்சாலையின் வரிசையெண் 14. லண்டனையடுத்த ஹெண்டன் என்னுமிடத்தில் இருந்த ப்ளேரியோ பள்ளியில் மாணவர்க்குப் பறக்கக் கற்பிக்கப் பயன்பட்டு, 1912-ம் ஆண்டில் விபத்துற்று, ஒரு ரெயில் பாலத்தின் கீழ்க் கிடந்தது. பெட்போர்டு வட்டாரத்தினராகிய க்ரிம்மர் என்னும் மோட்டார் வினைஞர் அதனை வாங்கிப் பழுதுபார்த்துத் தாமே பறக்கவும் பழகிக்கொண்டார். பின்னர் அதுவும், 1910-ம் ஆண்டைச் சேர்ந்த டெபர்டுஸான் என்னும் மற்றொரு பழைய பிரெஞ்சு விமானமும் அவரிடத்தே உறங்கிக் கிடந்தன. 1935-ம் ஆண்டில் ஷட்டில்வொர்த் இரண்டையும் பெற்றுக்கொண்டார். ஓல்டு வார்டன் கொட்டகையில் வினைஞர்களோடு தாமும் கைகளில் எண்ணெய் படிய நின்று அவற்றைச் சீர்செய்தார். ஜாக்சன் என்னும் பொறியாளர் அக்காலத்தே அவரோடு உழைத்தவர். ஷட்டில்வொர்த் இறந்த பின்னும் நெடுங்காலம் அத்தொகுதியைக் கண்ணுங் கருத்துமாகக் காத்தவரும் அவரே. எந்திரஞ் செய்த கைகளின் பெயர்கள் பெரும்பாலும் மறக்கப்படுகின்றன வாதலின் இதனை எழுதி வைக்கின்றேன்.

ப்ளேரியோவின் அமைப்பைச் சிறிது விளக்குதல் நலம். மூன்று உருளைகளையுடைய அன்ஸானி எஞ்சின் அதன் மூக்கில் இருக்கிறது. அதன் வலிமை இக்காலத்துச் சிறு மோட்டார் சைக்கிளொன்றின் வலிமைக்கு மேற்பட்டதன்று. பக்கம் சாய்த்தற்கு இக்கால விமானங்களிற்போலச் சிறகின் ஓரத்தில் தனி மடல்கள் இல்லை. கம்பிகளை இழுத்துச் சிறகையே முறுக்கவேண்டும். ஈரத்துணியைப் பிழிவது போன்று சிறகு முறுகும். முறுகினபின் ஊர்தி மெல்ல, மிக மெல்ல, சாயும். சிறு காற்றொன்று பக்கத்தினின்று மோதின் விமானி செய்யத்தக்கது யாதுமில்லை. ஆதலின், இன்றும் அதனைக் காற்று முற்றும் ஓய்ந்த வேளையிலே, புல்தரைக்குச் சில அடி உயரத்தில், நேர்கோடாகவே பறக்கவிடுகின்றனர். வட்டமிடுவதில்லை. உலகில் தன் பழைய எஞ்சினோடு இன்றும் பறக்கும் நிலையிலுள்ள விமானங்களுள் இதுவே மிக மூத்ததென்பர்.

பின்னர் ஸாப்வித் டவ் என்னும் இரட்டையிருக்கை விமானமொன்று கிடைத்தது. அது முதற்போர்க்காலத்து ஸாப்வித் பப் என்னும் ஒற்றையிருக்கைப் போர்விமானத்தின் வழித்தோன்றல். அதனை அதன் மூதாதையின் வடிவிற்கே மாற்றியமைத்தனர். இவ்வகை ஊர்தியில் எஞ்சின் நிலையாக நின்று காற்றாடியை மட்டுஞ் சுழற்றுவதன்று. உருளைகள் அனைத்தும் காற்றாடியோடு சேர்ந்து தாமே சுழல்வன. அச்சு மட்டும் அசையாது. இவ்வெஞ்சினுக்கு வேண்டிய மசகு, நம் பாட்டிமார் குழந்தைகட்குப் புகட்டும் ஆமணக்கெண்ணெயே. பெட்ரோலோடு கலந்து கரையாது என்பது பற்றி அதனைத் தேர்ந்தனர். சுழலும் எஞ்சினினின்று தெறிக்கும் அவ்வெண்ணெய் விமானியின் முகத்திலும் உடையிலும் படியும். அதனை உட்கொண்டாற் போலவே அக்கால விமானிகள் சிலர் வயிற்றுநோயால் வருந்தினர் என்றுஞ் சொல்லுவர். வேகத்தைக் கூட்டவுங் குறைக்கவும் ஏற்ற கருவி நன்கமையாமையால், இறங்குங்கால் ஒரு பொத்தானை அழுத்தி எஞ்சினை அணைத்தும் விட்டும் வரவேண்டும். ஆகவே அது ஒரே ஓசையாக முழங்காது; விட்டு விட்டு இருமுவது போல ஒலிக்கும்.

1930-களின் இறுதியில் பிளாக்பர்ன் என்னும் ஆங்கிலத் தொழிற்சாலையார் 1912-ம் ஆண்டிற் செய்த ஒற்றைச்சிறகடுக்கு விமானமொன்றை ஷட்டில்வொர்த் கண்டெடுத்தார். கண்டெடுத்தார் என்னுஞ் சொல்லை யான் அறிந்தே எழுதினேன். அது ஒரு பண்ணையில் வைக்கோற்போரின் கீழ்ப் புதையுண்டு கிடந்தது. இருபத்துநான்காண்டு அங்ஙனங் கிடந்தது எனலாம், என்னை? 1914-ம் ஆண்டில் விழுந்த இடத்தருகேயே அதனை விட்டுவிட்டனர். இங்கிலாந்திற் செய்யப்பெற்று இன்றும் பறக்கும் நிலையிலுள்ள விமானங்களுள் இதுவே மிகப் பழையது. ஆனால் அது மீண்டும் பறந்ததை ஷட்டில்வொர்த் காணவில்லை. பழுதுபார்க்கும் வேலை முடியுமுன் போர் வந்துவிட்டது.

1939-ம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டவுடன் அவர் அரச விமானப்படையிற் சேர்ந்தார். முப்பது வயதை எட்டிய, முன்னரே கடுங்காயமுற்ற, பண்ணைக்குத் தலைவராகிய ஒருவர் வீட்டிலிருந்தே நாட்டிற்குப் பணி செய்திருக்கலாம். அங்ஙனஞ் செய்யின் குறை கூறுவாரும் இலர். அவர் அதனை விரும்பவில்லை. ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள பென்ஸன் விமானத்தளத்திற்குப் பயிற்சிக்கு அனுப்பப்பெற்றார். 1940-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ம் நாள், இங்கிலாந்தின் வானில் பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்த நாட்களில், இரவுப் பயிற்சிக்காக பேரி பாட்டில் என்னும் விமானத்திற் றனியே சென்றார். போர்க்காலமாதலின் ஊர்களில் விளக்கில்லை. யூயெல்ம் என்னும் ஊரையடுத்த குன்றில் விமானம் மோதிற்று. பகைவர் குண்டினால் அன்று, வெறும் இருளினால் அவர் மாண்டார். ஓல்டு வார்டன் திருச்சபைக் கல்லறைத் தோட்டத்தில், தந்தையார் துயிலுமிடத்தருகே அவரை அடக்கஞ் செய்தனர். அவருக்கு மனைவியில்லை, மக்களில்லை.

கணவரை இருபத்தேழாண்டு முன்னரே இழந்த டாரதி அம்மையார் இப்பொழுது மகனையும் இழந்தார். சொத்தனைத்தும் அவரிடமே மீண்டது. கொட்டகையில் நின்ற பழைய ஊர்திகளைக் காணுந்தோறும் அத்தாயின் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்? மகனைக் கொன்ற பொருளும் விமானமே. மகன் விட்டுச்சென்ற பொருளும் விமானமே. அவற்றை விற்றுவிடினும், பொருட்காட்சிச் சாலையொன்றிற்குக் கொடுத்துவிடினும் எவர் குறை கூறுவர்? போர்க்காலத்தில் மாளிகையைச் செஞ்சிலுவைச் சங்கத்தார்க்கு ஒப்படைத்தார். காயமுற்ற விமானப்படையினர் அங்கே தங்கி நலம்பெற்றுச் சென்றனர். தம் மகனைப் போன்ற இளைஞர்கள் தம் வீட்டுத் தாழ்வாரங்களில் ஊன்றுகோலூன்றி நடந்ததை அவர் நாள்தோறும் கண்டார்.

1944-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ம் நாள், போர் இன்னும் முடியாத காலத்தே, மகன் பெயரால் ஒரு நினைவுத் தருமநிதியை அம்மையார் நிறுவினார். விமானக்கலையும், வேளாண்மையும், காடு வளர்த்தலும் கற்பித்தற்கே பண்ணையும் மாளிகையும் உரியன என்று பத்திரம் எழுதிக்கொடுத்தார். மகன் விரும்பியது விமானம். குடும்பத்தை வளர்த்தது வேளாண்மை. இரண்டையும் ஒரே பத்திரத்தில் இணைத்தார். 1946-ம் ஆண்டில் வேளாண்மைக் கல்லூரி அங்கே தொடங்கிற்று. போரினின்று மீண்ட இளைஞர் பலர் அதிற் சேர்ந்து பயின்றனர். விமானத் தொகுதியோ மெல்ல மெல்ல வளர்ந்து, 1963-ம் ஆண்டுமுதல் பொதுமக்கள் காணுமாறு திறந்துவைக்கப்பெற்றது. 1968-ம் ஆண்டில் அம்மையார் மறைந்தார். மகனுக்குப்பின் இருபத்தெட்டாண்டு அவர் வாழ்ந்தார்; பிளாக்பர்ன் பறந்ததை மகன் காணாவிடினும் தாய் கண்டார்.

தொகுதிக்குப் பின்னர் வந்து சேர்ந்தவற்றுள் ஒன்றிரண்டை மட்டுங் குறிப்பிடுவேன். 1934-ம் ஆண்டில் இங்கிலாந்தினின்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு நடந்த பெரும்பந்தயத்தில், பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர் முதலிய இடங்களில் இறங்கி, எழுபத்தொரு மணி நேரத்திற்குள் முதலாவதாகச் சென்று சேர்ந்த செந்நிற டிஹாவிலண்ட் காமெட் விமானம் அவற்றுள் ஒன்று. 1965-ம் ஆண்டில் அங்கே வந்து, இருபத்திரண்டாண்டு உழைப்பின் பின் 1987-ம் ஆண்டில் மீண்டும் பறந்தது. ஆப்கானிஸ்தான் நாட்டார் அளித்த ஹாக்கர் ஹைண்டு என்னும் விமானம் 1970-ம் ஆண்டில் காபூலினின்று தரைவழியாகவே கொணரப்பெற்றது. பறக்கப் பிறந்த பொருள் லாரியில் ஏறி மலைகளைக் கடந்த பயணத்தைத் தனியே ஒருவர் எழுதலாம்.

ஈண்டு ஒரு தடை எழும். இத்தகைய கிடைத்தற்கரிய பொருள்களைப் பறக்கவிடுதல் தகுமா? ஒரு விபத்து நேரின் பழைய விமானம் என்றென்றைக்கும் போயிற்று. அதனினும் மேலாக மனித உயிர் போகும். இது வெறும் அச்சமன்று. 2012-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஓல்டு வார்டனிலேயே 1920-களைச் சேர்ந்த ஹம்மிங் பேர்டு என்னும் சிறு விமானம் விழுந்து, அனுபவம் மிக்க விமானியொருவர் இறந்தார். கண்ணாடிக்குள் வைத்துக் காத்திருப்பின் இது நேர்ந்திராது என்பார் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. ஷட்டில்வொர்த் செல்வராதலின் இவ்விளையாட்டு அவருக்கு எளிதாயிற்று, பஞ்ச காலத்தில் பலர் வேலையின்றி வருந்தும்போது இவர் பழைய வண்டிகளுக்குப் பொருள் செலவிட்டார் என்று கடிவாரும் உளர். அதனிலும் உண்மை உண்டு.

ஆயினும் என் கருத்து வேறு. சிறகை முறுக்கிப் பறத்தல் எத்துணைக் கடினம் என்பதை, நின்ற ஊர்தியைச் சுற்றிவந்து பார்ப்பதால் அறிய முடியாது. சுழலும் எஞ்சினைப் பழுதுபார்க்கும் கைத்திறன், அவ்வெஞ்சின் ஓடினாலன்றி ஒரு தலைமுறைக்குள் மறைந்தொழியும். திருத்த அறிந்தவனும், ஓட்ட அறிந்தவனும் இறந்தபின் எஞ்சுவது வடிவம் மட்டுமே. ஷட்டில்வொர்த் காத்தது மரமுந் துணியும் மட்டுமன்று, அவற்றை ஆளும் அறிவையுமே என்று கொள்ளின், அபாயத்திற்கு ஒருவாறு விடை கிடைக்கும். முழுவிடையன்று. அதனாலேயே, அங்கே இளையோரிடம் மிக மூத்த விமானங்களை எடுத்தவுடன் ஒப்படைப்பதில்லை. பல விமானங்களிற் பழகித் தேர்ந்த பின்னரே அவற்றிற்கு வருகின்றனர். காற்று சற்றே மிகினும் அவை கொட்டகையைவிட்டு எழுவதில்லை.

இக்காலத்தில் ஆண்டுதோறும் வேனில்முதல் இலையுதிர்காலத் தொடக்கம்வரை அங்கே சிற்சில நாட்களிற் பறக்கும் காட்சிகள் நடைபெறுகின்றன. அவற்றிற்குக் காமிராவும் கையுமாக வருவோர் தொகை பெரிது. அவர்கள் அத்தளத்தை விரும்பற்குக் காரணம் உண்டு. பிற இடங்களில் மக்கள் நிற்கும் எல்லை நேர்கோடாக இருக்கும். விமானங்கள் அக்கோட்டிற்கு இணையாகப் பறப்பதால் அவற்றின் வயிறே படத்தில் விழும். ஓல்டு வார்டனிலோ அவ்வெல்லை ஓரிடத்தில் வளைந்திருக்கிறது. விமானி அவ்வளைவைச் சுற்றித் திரும்பும்போது ஊர்தி மக்களை நோக்கிச் சாய்கின்றது. மேற்சிறகும், அதில் தீட்டிய வட்டக்குறியும், விமானியின் தலையும் ஒருங்கே தெரிகின்றன. பின்னணியில் கான்கிரீட் தளமில்லை, புல்லும் மரங்களுமே.

படமெடுத்தலில் ஒரு நுட்பமும் உண்டு. நம் கல்லூரியில் காமிரா வைத்திருக்கும் அன்பர்க்கு இது பயன்படும். நிமிடத்திற்கு 1,200 முறை சுழலும் காற்றாடி ஒரு விநாடியில் 20 முறை சுழல்கிறது. காமிராவின் ஷட்டரை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறப்பின், அதற்குள் காற்றாடி ஒரு சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கே நகரும். படத்தில் அது அசையாது நிற்பதுபோல் விழும், விமானமோ நூலிற் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோல் தோன்றும். நூறில் ஒரு பங்கு திறப்பின் ஐந்தில் ஒரு சுற்று சுழன்றுவிடும். வட்டமாக மங்கிய ஒளி படியும், ஊர்தி பறப்பது தெரியும். ஆனால் அத்துணை நேரம் திறந்திருப்பின், விமானம் நகர்வதால் முழுப்படமுமே கலங்கும். ஆதலின் படமெடுப்பவர் ஊர்தியின் வேகத்திற்கேற்பத் தம் உடலை இடுப்பினின்று திருப்பிக்கொண்டே ஷட்டரை அழுத்துதல் வேண்டும். பத்தில் ஒன்று தேறினால் நன்று என்பர் பழகியோர். ப்ளேரியோவிற்கு இன்னும் பொறுமை வேண்டும். அது மிக மெதுவாகச் செல்லும், மிகத் தாழப் பறக்கும், எழுந்தவுடனே இறங்கிவிடும்.

அப்பழைய ஊர்திகளைப் பெரும்பாலும் காட்சியின் இறுதிக்கே வைக்கின்றனர். பகலில் ஒளி மிகுதியாக இருந்தாலும் காற்றும் இருக்கும். கதிரவன் சாயுங்கால் காற்று ஓயும், ஒளியும் பொன்னிறமாகும். மற்ற விமானங்களெல்லாம் பறந்து முடித்தபின், கொட்டகையின் எதிரே ப்ளேரியோவும், டெபர்டுஸானும், பிளாக்பர்னும் வரிசையாக நிற்க, அனைவரும் கம்பத்தின்மேற் கட்டிய காற்றுப்பையையே நோக்கியிருப்பர். அது தொங்கிச் சோர்ந்தால் ஓர் ஆள் காற்றாடியைக் கையாற் சுழற்றுவார். அன்ஸானி இருமிக்கொண்டு உயிர்பெறும். சோராத நாட்களில் தலைமை விமானி தலையை அசைப்பார். ப்ளேரியோவை வாலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் விட்டுக் கதவை அடைக்கின்றனர்.